ஒரே கனத்தில் ஓடும் கோடு

நான் வேலை பார்த்த நாளிதழில் இப்போது ஓவியராக இருக்கும் நித்யா சென்ற மாதம் போன் செய்தாள். கம்ப்யூட்டர் பலகையில் வரைந்து வரைந்து அலுத்துவிட்டது, மறுபடி காகிதத்துக்குப் போகலாம் என்று இருக்கிறாள். "சார், ஜப்பான் மெக்கானிக்கல் பென்சில் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். வெலைதான் யோசனையா இருக்கு. நீங்க அந்த மாதிரி ஒண்ணு ரொம்ப நாளு வெச்சிருந்தீங்களாமே. வாங்கலாமா, வேணாமா?" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பென்சிலின் நல்லது கெட்டது இரண்டையும் நான் தெரிந்துகொண்டது மரக்காணம் உப்பளத்தில். அதைச் சொல்லாமல் அவளுக்குப் பதில் சொல்ல முடியாது. போனில் சொல்லக்கூடிய விஷயமும் அல்ல.

விழுப்புரத்தில் ஒரு விளம்பரப் பலகைக் கடையில் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொண்டு, அங்கிருந்து நாளிதழின் புதுச்சேரிப் பதிப்புக்கு ஓவியனாக வந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை கதைகளுக்குப் படம், தேர்தல் நேரத்தில் தொகுதி வரைபடம், விபத்து நடந்த இடத்தின் படம் எல்லாம் வரைந்தேன். இவற்றோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. கரையோரத்தில் அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் போலீஸார் எங்கள் அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஊறிப்போன முகத்தின் போட்டோவைக் காலையில் காப்பியோடு பிரிக்கிற தாளில் போட முடியாது. நான் போய் உடலைப் பார்த்து, உயிரோடு இருந்தபோது இந்த ஆள் எப்படி இருந்திருப்பார் என்று வரைந்து தருவேன். சுனாமிக்குப் பிறகு அந்த வேலையே பெரிய வேலையாகிவிட்டது.

எங்கள் செய்தி ஆசிரியர் சிவஞானம் சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டுவதற்குப் பதிலாக அவர் தாமதிப்பார். படத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், டீயை ஆறவைத்துக் குடித்து முடிக்கும்வரை அதைத் தொடமாட்டார். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பார். அதற்கப்புறம் நேராக்குவார். கடைசியில் கட்டை விரலைப் படத்தில் ஏதாவது ஓர் இடத்தில் வைத்து, "இது பாத்ததா, நெனச்சதா?" என்று கேட்பார்.

நினைத்தது என்று சொன்னால் கோபப்படமாட்டார். "அப்ப மெல்லிசாப் போடு" என்பார். மூக்கைப் பார்த்தேன் என்றால் மூக்கு அழுத்தமாக இருக்கலாம். காது ஒரு பக்கம் சிதைந்திருந்து, இப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் போட்டிருந்தால் அந்தக் கோடு வெளிறியிருக்க வேண்டும். படத்தைப் பார்க்கிறவன் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது கோட்டிலேயே தெரியவேண்டும் என்பது அவர் கட்சி. கத்தியால் சீவிய மரப்பென்சிலில் இது தானாக நடந்துவிடும். சந்தேகம் வந்தால் கை தளரும். கை தளர்ந்தால் கோடு அகன்று, வெளுத்து, ஓரம் கரைந்துபோகும்.

மெக்கானிக்கல் பென்சில் என் கைக்கு வந்தது ஜாபர் மூலமாக. அவர் எங்கள் அலுவலகத்தில் படங்களை ஸ்கேன் செய்து பக்கத்தில் பொருத்துகிறவர். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயிலிருந்து லீவில் வந்த அவருடைய தம்பி அதை வாங்கி வந்திருந்தான். கறுப்பு உலோக உடம்பு, விரல் பிடிக்கும் இடத்தில் அரம் போட்டதுபோலச் சொரசொரப்பு, முனையில் ஊசி மாதிரி ஒரு குழாய். தலையை அழுத்தினால் கரிக்குச்சி டக்கென்று கொஞ்சம் நீளும்.

"இன்னா சார், பென்சிலா பிஸ்டலா?" என்று ஜாபர் கேட்டார். "பொணத்துக்கு முன்னாடி நின்னு டக்கு டக்குன்னு சுடாதீங்க. ஏற்கெனவே செத்தவன் பாவம்."

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை முன்பக்கம் இருப்பதால் விரல் அழுத்த வேண்டியதில்லை, கை வலிக்காது. சீவுகிற வேலை இல்லை. பிணவறையில் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் பென்சில் சீவிப் பார்த்தவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும். முனை தேயாததால் அளவு மாறாது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பென்சிலாலேயே அளந்து அப்படியே தாளில் இறக்கலாம். உப்புக்காற்றில் தாள் ஈரம் பிடித்திருக்கும்போது பேனா மை பரவிவிடும், இது பரவாது. நியூஸ்பிரிண்டில் மரப்பென்சில் நிழல் சேறாகிவிடும். இதன் கோடு கம்பி மாதிரி அச்சில் வந்து நிற்கும்.

கெட்டதில் சில்லறை விஷயங்கள் உண்டு. கீழே விழுந்தால் முனைக்குழாய் வளைந்துவிடும், பிறகு எடைக்குப் போட வேண்டியதுதான். அவசரத்தில் கரி முறியும். உப்பளத்துக்குக் கொண்டுபோனால் குழாய்க்குள் உப்பு பூத்து அடைத்துக்கொள்ளும், வெந்நீரில் போட்டு எடுக்கவேண்டும். வெயிலில் உலோகம் சுடும். சட்டைப்பையில் பார்க்கிறவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட அதைத்தான் கேட்பார்கள்.

பெரிய கெடுதல் ஒன்று உண்டு. அது எனக்குத் தெரியுமுன் சிவஞானம் சாருக்குத் தெரிந்திருந்தது. பென்சிலை வாங்கி ஒரு கோடு போட்டுப் பார்த்தார். அழுத்திப் போட்டார், அழுத்தாமல் போட்டார். இரண்டும் ஒரே அகலம். "நல்லாத்தான் இருக்குது. இதுக்குத் தயக்கமே வராது போலிருக்கே" என்று திருப்பிக் கொடுத்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சுனாமி வந்துபோன அடுத்த கோடை. மரக்காணம் உப்பளத்தில் ஓர் ஆண் உடல் மிதப்பதாகத் தகவல் வந்து போனேன். பாத்திகளுக்கு விடுவதற்காக உப்புநீரைத் தேக்கி வைக்கும் குளம் ஒன்று அங்கே உண்டு. இடுப்பளவு ஆழம், நீர் லேசாகச் சிவந்திருக்கும். வெயில் அதிகமாக அதிகமாக நீர் கெட்டிப்படும். அதில் எதுவும் முங்காது. உடல் மல்லாந்து, மரக்கட்டை மாதிரி நீருக்கு மேலேயே கிடந்தது. காற்று வீசினால் நகர்ந்தது. காற்று திரும்பினால் அதுவும் திரும்பியது. போலீஸார் கயிறு கொண்டுவரப் போயிருந்தார்கள்.

முதலில் பார்த்தது அஞ்சலை என்ற உப்பளத் தொழிலாளி. உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்காமலே என்னிடம் பேசினார்.

"உப்பு மூட்ட வுழுந்து மெதக்குதுன்னுதான் நெனச்சேன் சார். வரப்புமேல போறேன், அதுவும் பக்கத்துலயே வருது. நான் நிக்கிறேன், அது நிக்குது. மறுபடி நடக்கறேன், வருது. கையில இருந்த பலகைய இறுக்கிப் புடிச்சிக்கினு ஒரே ஓட்டம்."

"காத்துதான தள்ளியிருக்கும்?"

"காத்துதான். அது இப்ப தெரியுது. அப்ப யாருக்குத் தெரியும்?"

இழுத்துக் கரையில் போட்டபோது முகம் முழுவதும் உப்பு படிந்திருந்தது. இமை முடிகளில் தனித்தனியாகக் கல் கட்டியிருந்தது. வெள்ளை மீசைக் கிழவர் என்று நினைத்தேன்; தண்ணீர் ஊற்றியதும் மீசை கறுப்பாகியது. முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கலாம். வேட்டியில் சலவைக்குறிகூட இல்லை.

போலீஸார் எழுதி முடிக்கும்வரை இடத்தின் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். குளம், வரப்பு, தூரத்தில் உப்புக் குவியல்கள், அப்பால் சாலை. நீரின் வெளிச்சம் கண்ணைக் குத்தியதால் அடிக்கடி பார்வையைத் திருப்பி, சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். யாரையும் குறிப்பாகப் பார்த்த நினைவில்லை.

மதியம் பிணவறையில் முகத்தை வரைந்தேன். மூக்கு, தாடை, காது, நெற்றி முடி, மீசை எல்லாம் பார்த்துப் போட்டவை. கண்கள் மூடி வீங்கியிருந்தன. உடன் வந்த இன்ஸ்பெக்டர், "கண்ணு தொறந்தாத்தான் சார் ஆளு தெரியும். மூடியிருந்தா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான்" என்றார். அலுவலகம் வந்து சிவஞானம் சாரிடம் சொன்னேன். "போடு, ஆனா மெல்லிசா" என்றார்.

வழக்கமாகக் கண்களுக்கு ரப்பரை எடுத்து எடுத்து வைப்பேன். அன்று எடுக்கவில்லை. இரண்டு கண்களும் பழகிய கையெழுத்து மாதிரி இறங்கின. இடது இமை சற்றுக் கீழே சொருகியிருக்க, வலது கண் நேராகப் பார்த்தது. அழுத்தாமல்தான் போட்டேன். ஆனால் அந்தப் பென்சிலில் அழுத்தாமல் போட்டால் கோடு சாம்பல் நிறமாகுமே தவிர ஓரம் கரையாது. ஸ்கேன் செய்த ஜாபர் சாம்பல் கோடு அச்சில் விழாது என்று கறுப்பை ஏற்றினார். அது அவருடைய வேலை, எல்லாப் படத்துக்கும் அப்படித்தான் செய்வார். மறுநாள் பேப்பரில் மூக்கும் கண்ணும் ஒரே கறுப்பு, ஒரே கனம். பார்த்ததும் நினைத்ததும் ஒன்றாகிவிட்டன.

அந்த வாரத்திலேயே அலுவலகத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். பிரம்மதேசத்து விவசாயக் கூலிக் குடும்பம். பெண்ணின் பெயர் தேவகி, முப்பது வயதுக்குள். கூட வந்தது அவள் தம்பி வேலு. அவன்தான் பேசினான்.

"பேப்பர்ல வந்த படம் நீங்க போட்டதுங்களா? அது எங்க மாமா சார். ஏழுமலைன்னு பேரு. பொங்கலுக்கு அப்பறம் கூலி வேலைக்குப் போறேன்னு போனவரு. நாளைக்கி பாடிய எங்ககிட்ட குடுக்கறாங்க."

"சொல்லுப்பா. என்ன வேணும்?"

"அசலு படம் கெடைக்குமா சார்? வூட்ல அவரு போட்டோ ஒண்ணுகூட இல்ல. கல்யாண போட்டோவ கரையான் தின்னுடுச்சி. காரியத்துக்கு மால போட ஒரு படம் வேணும்."

படத்தை எடுத்து வந்து சிவஞானம் சார் மேசையில் வைத்தேன். தேவகி அதைப் பார்த்தாள். அழவில்லை. படம் ஏதோ சொல்லப்போவதுபோல் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரும்மா" என்றார் சிவஞானம் சார். "ஆஸ்பத்திரில பாத்தியா?"

"மொகத்துத் துணிய எடுத்தாங்க. எனக்கு அப்பிடியே இருட்டிக்கினு வந்திடுச்சிங்க. தம்பிதான் பாத்தான்."

"அவரு ஒயரந்தான் சார், அவரு நெறந்தான்" என்றான் வேலு. "மீச இருக்குது. படத்துல வேற அச்சு அசலா அவருதான். அப்பறம் இன்னா சந்தேகம்?"

சிவஞானம் சார் உள்ளங்கையைப் படத்தின் மேல் வைத்துக் கண்களை மட்டும் மறைத்தார். "இப்பப் பாரும்மா. இது யாரு?"

தேவகி குனிந்து பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "தெரியலீங்க" என்றாள். பிறகு, "மூக்கு அவருது இல்லியோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவர் ஒரு தாளை எடுத்து மூக்குக்குக் கீழே மறைத்தார், இன்னொன்றால் நெற்றியை மறைத்தார். கண்கள் மட்டும் எங்களைப் பார்த்தன.

"இவருதாங்க" என்றாள் அவள் உடனே. "எடது கண்ணு இப்பிடித்தான் சொருகினாப்புல இருக்கும். கோவம் வந்தா இன்னும் சொருகும். இத எப்பிடிங்க அவ்ளோ கரெக்டா போட்டீங்க?"

சிவஞானம் சார் என்னைப் பார்த்தார். அவர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பிணத்தின் முகத்தில் நான் பார்க்காத ஒரே இடம் கண்கள். அவள் புருஷனை நான் அறியமாட்டேன். அவளுக்குத் தெரிந்த கண்கள் என் கையிலிருந்து இறங்கியிருந்தன.

அவர்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் பேசினோம். மறுநாள் உடலைக் கொடுத்துவிட்டால் எரித்துவிடுவார்கள். அதோடு யாருடைய உடல் என்ற கேள்வியும் எரிந்துவிடும். காரியத்தன்று அவள் தாலியைக் கழற்றுவார்கள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று வேலு சொல்லியிருந்தான். வேறெங்கோ இன்னொரு வீட்டில் யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

"கண்ணு நெனச்சதுதான் சார்" என்றேன்.

"தெரியும். நெனச்சது எங்கருந்து வந்துச்சு? ஒண்ணும் இல்லாத எடத்துலருந்து எதுவும் வராது. எங்கயாவது பாத்திருப்ப."

இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்திலிருந்து குரல் எனக்கே கேட்டது. "பேப்பர்காரங்க சொன்னாத்தான் இனிமே பொணத்தக் குடுக்கணுமா சார்? பொண்டாட்டியே சொல்லிட்டா." சிவஞானம் சார் தாமதித்தார். போனில்கூட அவர் தாமதிப்பதைத் தாங்க முடியாது. "சரி சார், ரெண்டு நாள் வெக்கிறேன். ஐஸ் நீங்க வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டு இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டார்.

என் மேசைக்குப் போய் வெள்ளைத்தாளில் அந்தக் கண்களை மட்டும் மறுபடி போட்டேன். போட்டுவிட்டுக் கையை எடுக்காமல், அடுத்து எது வருகிறதோ வரட்டும் என்று விட்டேன். இதை நான் அதற்கு முன்போ பின்போ செய்ததில்லை. கண்களிலிருந்து புருவம் வந்தது. புருவத்துக்கு மேல் நெற்றியைக் காணோம்; துண்டு வந்தது. துண்டின் மேல் ஒரு வட்டம் வந்தது. அது என்ன என்று தெரியாமலே அதன் முறுக்கையும் போட்டேன். கன்னம் ஒட்டியிருந்தது, மூக்கு சப்பையாக இருந்தது. பிணத்தின் மூக்கு எடுப்பானது. தோள்வரை வந்து பென்சில் நின்றது. எனக்குத் தெரியாத ஒருவன் தாளிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் கோட்டிலும் தயக்கம் இல்லை.

ஜாபர் பின்னால் வந்து நின்றார். "யாரு சார் இது, சும்மாடு கட்டிக்கினு?"

அப்போதுதான் அந்த வட்டம் எனக்குப் புரிந்தது. தலையில் கூடை சுமக்கிறவர்கள் துண்டை முறுக்கி வைத்துக்கொள்ளும் சும்மாடு. கூடவே குளத்தங்கரைக் கூட்டம் நினைவுக்கு வந்தது. முகங்கள் வரவில்லை. பெண்களுக்குப் பின்னால் சும்மாட்டோடு யாரோ நின்றிருந்த இடம் மட்டும் வந்தது. பிணத்தைக் கரையில் இழுத்துப் போட்டபோது அவன் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மரக்காணம் போனேன். அஞ்சலை படத்தைக் கையில் வாங்காமலே பார்த்தார்.

"இது மணி. உப்பு சொமக்குறான். தெக்கால கொட்டாய்ல தங்கிக்கினு இருக்கான்."

"எவ்வளவு நாளா?"

"தை மாசிலருந்து இருக்கும். வம்பு தும்புக்குப் போவாது. யாரு கூடவும் பேசாது. அன்னிக்கி பொணத்த இழுக்கும்போது என் பின்னாலதான் நின்னுச்சி. ஏன் சார், இது ஏதாச்சும் பண்ணிடுச்சா?"

கொட்டகை வாசலில் அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். தலையில் சும்மாடு இல்லை என்பதைத் தவிர, படத்தில் இருந்தவன்தான். நான் யார் என்று சொன்னேன். அவன் கஞ்சியை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"பேப்பர பாத்தேன் சார். டீக்கடையில மாட்டியிருந்தாங்க. என் கண்ண அந்தாளுக்கு வெச்சிட்டீங்க."

"பாத்தப்பறமும் ஏன்பா போய்ச் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? நான் சாவலன்னா?"

"உன் சம்சாரம் அந்த உடம்ப நீன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க. எரிச்சிடப் போறாங்க."

"தெரியும் சார். ஊர்க்காரன் ஒருத்தன் லாரியில வந்து பேசிக்கினு இருந்தான். அப்பிடியே இருந்துட்டுப் போவட்டுமே." குரலில் வெறுப்போ வருத்தமோ இல்லை. மழை வரட்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

வீட்டில் என்ன சண்டை என்று கேட்டேன்.

"சண்டையெல்லாம் இல்ல சார். தங்கமான பொம்பள. ஒரு நாளு வேலைக்கினு பஸ்ஸு ஏறுனேன். எறங்க வேண்டிய எடத்துல எறங்கல. அவ்ளோதான்."

இடது இமை மெல்லக் கீழே சொருகியது. நான் வரைந்த அளவுக்கு வந்து நின்றது.

திரும்பி வந்து சிவஞானம் சாரிடம் சொன்னேன். தேவகியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் வெகுநேரம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவ நாம சொல்லி அந்தம்மா நம்பிடுச்சி. இன்னொரு தடவ நாம சொல்ல வேணாம். கூட்டிக்கினு போ. அதுவே பாக்கட்டும்" என்றார்.

அடுத்த நாள் தேவகியும் வேலுவும் நானும் உப்பளத்து வரப்பில் நடந்தோம். எதற்கு என்று நான் சொன்னது இவ்வளவுதான்: படத்தில் இருக்கிற கண்ணு செத்தவர் கண்ணு இல்லை, இங்கே பார்த்த வேறு யாருடையதோ, வந்து பார்க்கவேண்டும். வேலு முணுமுணுத்துக்கொண்டே வந்தான். "ரெண்டு நாளா பொணத்த ஐஸ்ல போட்டுட்டு இங்க உப்பக் காட்டறாங்க."

குவியலுக்கு உப்பு சுமப்பவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லார் தலையிலும் கூடை, எல்லார் முகத்திலும் கூடையின் நிழல். வெயிலில் கால் முதல் தலைவரை வெளுத்து, யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் கையை நீட்டிக் காட்டவில்லை.

தேவகி வரப்பின் ஓரத்துக்குப் போய் நின்றாள். பிரம்மதேசத்துப் பக்கம் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. யாராவது கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வார்கள். அவள் சொன்னாள்.

"ஏழுமலை."

சத்தமாகத்தான் கூப்பிட்டாள். உப்பு வெளியில் குரலைத் தடுக்க எதுவும் இல்லை. கடைசிப் பாத்திவரை போயிற்று. சுமந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் கூடையோடு திரும்பினார்கள். பாத்தியில் வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அஞ்சலை நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். யாரோ ஒரு பெண் யாரையோ கூப்பிடுகிறாள் என்றால் மனிதர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருவன் மட்டும் திரும்பவில்லை. நடையும் மாறவில்லை. மற்றவர்கள் நின்றுவிட்ட வரிசையில் அவன் மட்டும் ஏறிக்கொண்டே போனான். குவியல் உச்சியில் கூடையைக் கவிழ்த்து, மறுபக்கம் இறங்கி மறைந்தான்.

வேலு, "அக்கா, அது..." என்று ஓரடி எடுத்து வைத்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும்டா. வா."

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டரிடம் அவள், "அது எங்க வூட்டுக்காரரு இல்லீங்க. தப்பாச் சொல்லிட்டோம்" என்றாள்.

"அப்ப உன் புருஷன் எங்கம்மா?"

"தெரியலீங்க."

வேலு என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. அந்த உடல் ஏழுமலையுடையதா இல்லையா என்பதுதான் போலீஸாருக்கு வேண்டியிருந்தது, அது கிடைத்துவிட்டது. சில நாள் கழித்து அஞ்சலையிடம் விசாரித்தபோது, தெற்குக் கொட்டகையில் மணி இல்லை என்றார். எந்தப் பக்கம் போனான் என்று அவருக்கும் தெரியவில்லை.

நாங்கள் படத்தை மறுபடி போட்டோம். இந்தமுறை கண்கள் மூடியிருந்தன. மூக்கு, தாடை, காது எல்லாம் அதே மெக்கானிக்கல் பென்சில். வீக்கத்தால் எனக்கு நிச்சயமில்லாத கன்னங்களை மட்டும் மரப்பென்சிலால் போட்டேன். அந்த இடத்தில் கறுப்பை ஏற்றவேண்டாம் என்று ஜாபரிடம் சொன்னேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் செய்தேன். ஆகவே நித்யாவுக்கு என் பதில்: வாங்கு. பார்த்ததை வரைய அதைவிட நல்ல கருவி இல்லை. நினைத்ததை வரைய அதைத் தொடாதே. அந்தக் கோட்டுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதை வைத்திருக்கும் கையும் கொஞ்ச நாளில் மறந்துவிடும்.

இரண்டாவது படத்தைப் பார்த்து யாரும் வரவில்லை. யாராவது வருவார்களா என்று போலீஸார் வைத்திருந்த கெடு முடிந்ததும் உடலைப் புதைக்க ஏற்பாடு செய்தார்கள். செய்திக்காக நான் போயிருந்தேன். இரண்டு சுடுகாட்டுத் தொழிலாளர்கள், ஒரு கான்ஸ்டபிள், நான். குழி தயாராகிக்கொண்டிருந்தபோது ஷேர் ஆட்டோ ஒன்று வெளியே நின்றது. தேவகி இறங்கி வந்தாள், தனியாக. கழுத்தில் தாலி இருந்தது. முந்தானையில் கொஞ்சம் அரிசி முடிந்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. கான்ஸ்டபிள் தடுத்தார். "ஏம்மா, நீதான் உன் ஆளு இல்லன்னு எழுதிக் குடுத்த. இப்ப எங்க வர்ற?"

"இல்லீங்க, அவரு இல்ல."

"அப்பறம் இன்னா உறவு?"

அவள் முடிச்சை அவிழ்த்தாள். முகத்துத் துணியைத் தானே விலக்கினாள். இந்தமுறை அவளுக்கு இருட்டிக்கொண்டு வரவில்லை. மூடிய கண்களை, எடுப்பான மூக்கை, கறுத்த மீசையை முழுதாகப் பார்த்தாள்.

"பேப்பர்ல வந்த நாள்லருந்து ராவும் பகலுமா அழுதேங்க" என்றாள். "யாருன்னு நெனச்சி அழுதா இன்னா. இங்க கெடந்தது இவருதான. அழுததெல்லாம் இவருக்குத்தான் சேரும்."

குனிந்து அந்த ஆளின் வாயில் அரிசியைப் போட்டாள்.